நிற்கும் கால்: கொரியச் சண்டைக் கலைகளில் ஓர் ஆசான் உருவாகும் முதல் வருடங்கள்

டேக்வாண்டோ உதையைப் பார்க்கும் எல்லோருடைய கண்ணும் காற்றில் போகும் காலைத்தான் பின்தொடரும். டோஜாங்கில், அதாவது பயிற்சிக்கூடத்தில், நிற்கும் சபொம் என்ற ஆசான் பார்ப்பது தரையில் நிற்கும் காலை. குதிகால் எழுந்ததா, பாதம் திரும்பியதா, முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையெல்லாம் அரை நொடியில் கவனித்துவிட்டு, உதை எங்கே விழுந்தது என்று பார்க்காமலே அது சரியா தப்பா என்று சொல்லிவிடுவார். கொரியச் சண்டைக் கலைகளில் மாஸ்டர் என்று பெயர் எடுத்த யாருடைய ஆரம்பப் பயிற்சியை எடுத்துப் பார்த்தாலும், அதில் பெரும்பகுதி இந்த நிற்கும் காலைச் சுற்றியே இருக்கும். உயரமான உதைகள் எல்லாம் பிற்பாடு வருபவை.

இன்று உலகம் முழுக்கத் தெரிந்த டேக்வாண்டோவின் முதல் தலைமுறை ஆசான்கள் என்ன கற்றார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தின் கடைசியிலும் விடுதலைக்குப் பிந்திய ஓரிரு வருடங்களிலும் முதல் பயிற்சிக்கூடங்கள், அதாவது குவான்கள், பிறந்தன. 1944இல் லீ வொன் குக் சியோலில் சொங் தோ குவானையும், நோ பியொங் ஜிக் கேசொங்கில் சோங் மு குவானையும் தொடங்கினார்கள். இருவரும் ஜப்பானில் படித்தபோது ஃபுனகோஷி கிச்சினிடம் கராத்தே கற்றவர்கள். 1946இல் சியோல் ஒய்எம்சிஏவில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய யூன் பியொங் இன், மஞ்சூரியாவில் சீன முஷ்டிக் கலையையும் டோக்கியோவில் கராத்தேயையும் கற்றவர். அவர் வழியில் வந்ததுதான் சாங் மு குவான். 1945 நவம்பரில் மு தொக் குவானைத் தொடங்கிய ஹ்வாங் கி மஞ்சூரியாவில் ரயில்வே வேலையில் இருந்தபோது சீனக் கலையைப் பார்த்துப் பழகியவர். பிறகு ரயில்வே நூலகத்தில் கிடைத்த ஒகினாவா கராத்தே புத்தகங்களைப் படித்து அசைவுகளைப் பயின்றார். அவருடைய முதல் வகுப்புகள் நடந்ததும் சியோலின் யொங்சான் ரயில் நிலையத்தை ஒட்டித்தான்.

ஆகவே அந்தக் கூடங்களில் ஆரம்ப மாணவன் செய்தது பெரும்பாலும் கராத்தேயின் அடிப்படைதான். நீண்ட, தாழ்ந்த நிலைகள், நேர்க்குத்து, மூன்று உயரங்களில் தடுப்பு, வரிசையாகத் தரையைக் கடக்கும் நடை, வைக்கோல் கயிறு சுற்றிய கட்டையில் முஷ்டி பதப்படுத்துவது. உதைகள் இருந்தன, ஆனால் இடுப்புக்கு மேல் அடிக்கடி போகவில்லை. 1955இல் கொரிய ராணுவ அதிகாரி சொய் ஹொங் ஹி முன்வைத்த 'டேக்வாண்டோ' என்ற பெயர் பல வருட இழுபறிக்குப் பிறகே எல்லோராலும் ஏற்கப்பட்டது. 1972இல் டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் கட்டடம் திறந்து, அடுத்த வருடம் முதல் உலகச் சாம்பியன்ஷிப் அங்கேயே நடந்த பிறகு, போட்டி விதிகள் காலை மேலே மேலே தூக்கின. இந்த வரிசை முக்கியம். முதல் தலைமுறை நிலைகளை முதலில் கற்றது, அவற்றின் மேல் உதையை ஏற்றியது. இன்றைய மாணவர்களில் பலர் உதையிலிருந்து தொடங்குகிறார்கள். முழங்கால் வலியோடு இரண்டாம் வருடத்தில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவர்கள்தான் என்பது என் கணிப்பு.

முதல் நாள் கற்பது சொற்கள். சாரியொத் என்றால் விறைத்து நில், கியொங்னே என்றால் வணங்கு, ஜுன்பி என்றால் தயாராகு, சிஜாக் என்றால் தொடங்கு, குமான் என்றால் நிறுத்து. எண்களில் ஒரு சிக்கல் உண்டு, ஆரம்பத்திலேயே தெளிந்துவிட்டால் நல்லது. கொரிய மொழியில் இரண்டு எண் வரிசைகள் இருக்கின்றன. உதைகளையும் குத்துகளையும் எண்ணும்போது சொந்தக் கொரிய எண்கள்: ஹனா, துல், செட், நெட், தசொட், யொசொட், இல்கொப், யொதொல், அஹொப், யொல். பூம்சே எனப்படும் அசைவுத் தொகுப்புகளின் வரிசையையும், 'தான்' எனப்படும் கறுப்பு பெல்ட் தரங்களையும் சொல்லும்போது சீன வழி எண்கள்: இல், இ, சாம், சா, ஓ, யுக், சில், பால். அதனால்தான் வகுப்பில் 'செட்' என்று மூன்று எண்ணிவிட்டு, மூன்றாவது பூம்சேயைத் 'தெகுக் சாம் ஜாங்' என்கிறார்கள்.

பிறகு ஜுச்சும் சொகி, குதிரை மேல் உட்கார்ந்தது போன்ற நிலை. இரண்டு பாதங்களுக்கு நடுவே உங்கள் பாதம் இரண்டு வைக்கும் அளவு இடைவெளி. பாதங்கள் இணையாக, விரல்கள் நேர் முன்னால். முழங்காலை மடக்கிக் குனிந்து பார்த்தால் முழங்கால் நுனியும் கால்விரல் நுனியும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்கும். இதில் நின்றுகொண்டு நெஞ்சுக்குழி உயரத்தில் பத்துப் பத்தாகக் குத்துவதுதான் முதல் மாதத்தின் முக்கால்வாசி வேலை.

நான்கைந்து நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கும், அப்போதுதான் தப்புகள் வெளியே வரும். முதலில் கால்விரல்கள் வெளிப்பக்கம் திரும்பும், அப்படித் திரும்பினால் நிற்பது எளிதாகிறது, உடம்பு அந்தச் சலுகையைத் தானாகத் தேடிக்கொள்கிறது. அடுத்து முழங்கால்கள் உள்ளே சாயும், இது ஆபத்தானது. முழங்காலின் உட்பக்க லிகமென்ட், அதாவது எலும்புகளை இணைக்கும் நார், மேல் பாரம் இறங்கும். மூன்றாவதாகப் பின்பக்கம் வெளியே தள்ளி உடம்பு முன்னால் குனியும். மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: நிலையை இரண்டு விரற்கடை உயர்த்தி, பாதத்தைச் சரிசெய்து, மறுபடி நில்லுங்கள். தாழ்ந்து தப்பாக நிற்பதைவிட உயர்ந்து சரியாக நிற்பது மேல்.

குத்தில் முஷ்டி மூடும் விதத்தையே ஒரு வாரம் பார்க்கலாம். நான்கு விரல்களை நுனியிலிருந்து சுருட்டி உள்ளங்கைக்குள் இறுக்கி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் மேலும் குறுக்காகப் பூட்ட வேண்டும். கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினால் முதல் அடியிலேயே உடையக்கூடும். அடி படவேண்டிய இடம் ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள். மணிக்கட்டு மேலும் வளையக் கூடாது, கீழும் வளையக் கூடாது. முஷ்டியின் புறங்கையும் முன்கையும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு அளவுகோலை மேலே வைத்துப் பார்த்துவிடலாம். சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து பட்டால் அந்தப் பக்கத்து உள்ளங்கை எலும்புதான் முறியும். காற்றில் குத்தும்போது முழங்கையை முற்றிலும் பூட்டி முறுக்கிச் சுண்டக் கூடாது, ஒரு நூல் அளவு மடக்கம் இருக்கட்டும். பல ஆயிரம் தடவை வெற்றுக் காற்றில் பூட்டிய முழங்கை நாற்பது வயதில் கணக்குக் கேட்கும். இடுப்புக்கு இழுக்கும் கையும் குத்தும் கை அளவுக்கே வேகமாகப் போக வேண்டும். இழுக்கும் கை சோம்பினால் தோள் ஏறிக்கொள்ளும்.

நடக்கும் நிலைகளில் அளவு தெரிய வேண்டியவை இரண்டு. அப் சொகி என்பது தெருவில் நடந்து போகும்போது யாரோ கூப்பிட்டதும் அப்படியே நின்றது போன்ற நிலை, ஒரு சாதாரண நடையடி. அப் குபி அதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம். முன் முழங்கால் மடங்கி, எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் இருக்கும். பின்கால் நீண்டிருக்கும், பின்பாதம் ஏறத்தாழ 30 டிகிரி வெளிப்பக்கம் பார்க்கும். புதியவர்கள் இரண்டு பாதங்களையும் கயிற்றின் மேல் நடப்பது போல ஒரே கோட்டில் வைத்துவிடுவார்கள். அப்படி நின்றவரைத் தோளில் ஒரு விரலால் தள்ளினாலே சாய்வார். பாதங்களுக்கு இடையே ஒரு முஷ்டி அகலமாவது பக்கவாட்டில் இருக்க வேண்டும். இன்னொரு பொதுத் தப்பு, பின்குதிகால் தூக்கிக்கொள்வது. தரையிலிருந்து குத்துக்கு வரும் தள்ளு அங்கேயே அறுந்துபோகும்.

உதைக்கு வருவோம். முதல் உதை அப் சாகி, முன்னுதை. நல்ல சபொம் இதை நான்கு துண்டாக உடைத்துத்தான் சொல்லிக்கொடுப்பார். ஒன்று, முழங்கால் நெஞ்சை நோக்கி மேலே. குதிகால் தொடையை ஒட்டி மடங்கியிருக்கும். இரண்டு, கால் நீண்டு முன்பாதம் இலக்கில் படும். விரல்கள் முகத்தை நோக்கிப் பின்னால் வளைந்திருக்கும். மூன்று, போன வழியே மடங்கித் திரும்பும். நான்கு, கால் தரைக்கு. ஒவ்வொரு துண்டையும் ஒரு எண்ணிக்கைக்கு நிறுத்தி, சுவரையோ நாற்காலியையோ பிடித்துக்கொண்டு காலுக்குப் பத்து, மூன்று சுற்று. வேகம் சேர்ப்பது இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான்.

எங்கே தப்பு வரும்? மூன்றாவது துண்டில். காலை நீட்டிவிட்டு மடக்காமல் தொப்பென்று கீழே போடுவார்கள். மடக்காத காலை எதிராளி எளிதாகப் பிடித்துக்கொள்வார். போட்ட கால் முன்னால் விழுவதால் அடுத்த அசைவுக்கும் தாமதம். அதைவிட மோசம், மூட்டைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தசைக்குப் பதில் முழங்காலின் உள்ளமைப்பே செய்ய வேண்டியிருக்கும். அடுத்த தப்பு கால்விரல். மிட் என்ற, கையில் பிடிக்கும் உதை இலக்கில் விரல் நுனி குத்தி நகம் கறுத்துப்போகாதவர்கள் குறைவு. இதற்கு ஒரு எளிய பயிற்சி உண்டு: குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நில்லுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பாதம் என்ன வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவம்தான் காற்றிலும் இலக்கில் பட வேண்டும். தினம் இருபது தடவை ஏறி இறங்கினால் பாதம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

இனி தொல்யோ சாகி, சுழல் உதை. போட்டியில் அதிகம் பயன்படுவதும் இதுதான், ஆரம்பத்தில் அதிகம் கெடுப்பதும் இதுதான். உதைக்கும் கால் பக்கவாட்டிலிருந்து வளைந்து வருவதாகத் தோன்றும். உண்மையில் முழங்கால் முன்னுதைக்குப் போலவே நேராகத்தான் மேலே வருகிறது. பிறகு நிற்கும் பாதம் திரும்புகிறது, அதோடு இடுப்பு திரும்புகிறது, இடுப்பு திரும்பியதால் முழங்கால் படுத்துக்கொள்கிறது, கடைசியில் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி சாட்டைபோல விரிகிறது. நிற்கும் பாதத்தின் விரல்கள் தொடக்கத்தில் இலக்கைப் பார்த்திருந்தால், உதை படும் நேரத்தில் குதிகால் இலக்கின் பக்கம் வந்திருக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய அரைவட்டம்.

அது திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகப் பார்க்கலாம். இடுப்பு முழு வேகத்தில் திரும்புகிறது. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருப்பது முழங்கால். முழங்கால் மடங்கவும் நீளவும் ஆன மூட்டு, முறுக்கத்தைத் தாங்க அதில் இடம் மிகக் குறைவு. அந்த முறுக்கம் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டின் மேலும் லிகமென்ட்களின் மேலும் விழுகிறது. ஒரு உதையில் ஒன்றும் ஆகாது. ஒரு வகுப்பில் இருநூறு உதை, வாரத்தில் ஐந்து வகுப்பு என்று சேரும்போது வீக்கம் வரும். வெறுங்காலில் ரப்பர் விரிப்பின் மேல் பழகும்போது இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் வியர்த்த பாதம் அதில் நன்றாகவே ஒட்டும்.

ஆகவே உதையே இல்லாமல் திருப்பத்தை மட்டும் தனியாகப் பழக வேண்டும். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நிற்கும் பாதத்தைக் கோட்டின் மேல் வைத்து, விரல்கள் சுவரைப் பார்க்க நில்லுங்கள். ஒரு கை சுவரில். குதிகாலைத் தரையிலிருந்து ஒரு காகிதம் நுழையும் அளவு மட்டும் தூக்குங்கள். அதிகம் தூக்கினால் கணுக்கால் ஆடும். முன்பாதத்தின் மேல் திரும்பி, குதிகால் சுவரைப் பார்க்கும்போது நிறுத்துங்கள். கோட்டின் மேல்தான் இன்னும் இருக்கிறீர்களா என்று பாருங்கள். பாதம் பக்கவாட்டில் நழுவியிருந்தால் எடை முன்பாதத்தின் நடுவில் இல்லை, வெளி விளிம்புக்குப் போயிருக்கிறது. பக்கத்துக்கு இருபது. இது சரியான பிறகு முழங்காலைத் தூக்கிக்கொண்டு இருபது. அதன் பிறகே காலை நீட்டுவது. இதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும், குழந்தைகளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். சலிக்காமல் செய்யவைப்பதே ஆரம்ப வகுப்பு ஆசிரியரின் திறமை.

யொப் சாகி, பக்க உதையில், படவேண்டியது பாதத்தின் வெளி விளிம்பும் குதிகாலும். குதிகால் விரல்களைவிட மேலே இருந்தால் இடுப்பு முழுதாகத் திரும்பிவிட்டது என்று பொருள். விரல் மேலே பார்த்தால் திரும்பவில்லை, அது பக்கவாட்டில் போட்ட முன்னுதை மட்டுமே. இதிலும் திருத்தத்தை நிற்கும் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காலை நீட்டும் பயிற்சியைப் பற்றிக் கோபத்தோடே சொல்ல வேண்டியிருக்கிறது. காலைப் பரப்பி உட்கார்ந்த குழந்தையின் முதுகில் இன்னொருவர் ஏறி அழுத்தும் பழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. பின்தொடைத் தசை உட்காரும் எலும்பில் சேரும் இடத்தில் கிழிந்தால் ஆறப் பல மாதங்கள் ஆகும். ஆறிய பிறகும் அந்தக் கால் தயங்கித்தான் மேலே வரும். சரியான வரிசை இது: முதலில் ஐந்து முதல் பத்து நிமிடம் ஓட்டம், குதிப்பு என்று உடம்பைச் சூடாக்குவது. பிறகு அப் பொதொ ஒல்லிகி, அதாவது முழங்காலை மடக்காமல் காலை முன்னால் வீசி உயர்த்துவது. அதை இடுப்பு உயரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். அசையாமல் பிடித்து நீட்டுவதை வகுப்பின் முடிவில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 நொடி, குலுக்காமல் செய்யலாம்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளை குதிகாலின் பின்புறம் வலிக்கிறது என்றாலோ, முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது என்றாலோ, சோம்பல் என்று தள்ளாதீர்கள். எலும்பு வளரும் இடத்தைத் தசைநார் இழுப்பதால் வரும் வலி அது. அந்த நாட்களில் குதிக்கும் உதைகளை நிறுத்திவிட்டுப் பூம்சேயும் கைவேலையும் செய்யவைக்கலாம். பிள்ளை வகுப்பைத் தவறவிட வேண்டியதில்லை.

பூம்சே என்பது கற்பனை எதிராளிகளோடு வரையறுத்த வரிசையில் செய்யும் அசைவுகள். குக்கிவொன் முறையில் கறுப்பு பெல்ட்டுக்கு முன் தெகுக் பூம்சேக்கள் எட்டு. முதலாவதான தெகுக் இல் ஜாங்கில் 18 அசைவுகள். சொய் ஹொங் ஹி 1966இல் தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) வழியில் மொத்தம் 24 வடிவங்கள், முதலாவது சொன் ஜியில் 19 அசைவுகள். இல் ஜாங்கைக் கற்பது எளிது: கீழ்த்தடுப்பு, உள்தடுப்பு, முகத்தடுப்பு, நேர்க்குத்து, இரண்டு முன்னுதை. கடினமானது அதில் ஒளிந்திருக்கும் நிலை மாற்றம். பெரும்பாலும் அப் சொகியில் நடந்துவிட்டு, சில இடங்களில் மட்டும் அப் குபிக்கு நீள வேண்டும். அந்த வேறுபாடு தெரியாமல் எல்லா அடியையும் ஒரே அளவில் வைப்பார்கள்.

தன்னைத்தானே சோதிக்க ஒரு வழி: தொடங்கும் இடத்தில் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வரையுங்கள். இல் ஜாங் தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். முன்னால் தள்ளி முடிந்தால் திரும்பி வரும் அடிகள் குட்டை. பக்கவாட்டில் விலகியிருந்தால் திரும்பும்போது பாதத்தைத் தப்பாக இடுகிறீர்கள். கண்ணாடி இல்லாத அறையில்கூட இந்தச் சாக்பீஸ் கோடு உண்மையைச் சொல்லிவிடும். கீழ்த்தடுப்பில் ஒரு விஷயம்: தடுக்கும் முஷ்டி எதிர்த் தோளருகே தொடங்கி, தொடைக்கு மேல் இரண்டு முஷ்டி இடைவெளியில் நிற்க வேண்டும். தொடையிலேயே போய் இடித்துக்கொண்டு நின்றால் முன்கை எதையும் தடுக்கப்போவதில்லை.

எதிராளியோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கை அவசரப்படுத்துவதுதான் இன்றைய பெரிய குறை. இப்போதைய போட்டி விதியில் உடம்பில் பட்ட நேர் உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3, முதுகைத் திருப்பிச் சுழன்று உதைத்தால் இன்னும் அதிகம், குத்துக்கு 1. இந்தக் கணக்கைப் பார்த்த உடனே பிள்ளைகள் முதுகைத் திருப்பிச் சுழலும் அந்த உதைக்குத் தாவுகிறார்கள். ஹோகு என்ற நெஞ்சுக் கவசத்தை மாட்டுவதற்கு முன் செபொன் கியொருகி, ஹன்பொன் கியொருகி என்ற மூன்றடி, ஓரடி ஏற்பாட்டுச் சண்டைகளைக் குறைந்தது ஆறு மாதமாவது செய்ய வேண்டும். தாக்குபவர் எங்கே குத்துவார் என்பது முன்பே தெரியும். அதனால் தடுப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, தூரம். தடுத்த பிறகு திருப்பி அடிக்கக் கை எட்டவில்லை என்றால் அதிகமாகப் பின்வாங்கிவிட்டார். தடுக்கும்போதே குத்து உடம்பில் உரசினால் குறைவாக நகர்ந்தார். புறங்காலால் உதைத்து எதிராளியின் முழங்கையில் இடித்துக்கொள்வது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும் அடி. இலக்கு திறப்பதற்கு முன்பே உதைத்தால் அப்படித்தான் ஆகும்.

டேக்வாண்டோவுக்கு வெளியே கொரியாவில் வேறு வேர்களும் உண்டு. தெக்கியொன் என்ற பழைய உதைக்கலை அவற்றில் முக்கியமானது. சியோலின் சாஜிக் தோங்கில் 1893இல் பிறந்த சோங் தொக் கி, சிறுவனாக இருந்தபோது இம் ஹோ என்பவரிடம் கற்றதுதான் இன்று நம் கைக்கு வந்திருக்கும் தெக்கியொன். 1983இல் கொரிய அரசு இதை முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்துகளில் 76ஆம் எண்ணாகச் சேர்த்தது, 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. இதன் முதல் பாடம் பும்பல்கி, 'பும்' என்ற எழுத்தை மிதிப்பது. மூன்று சதுரங்களை முக்கோணமாக அடுக்கியது போன்ற எழுத்து அது. இரண்டு கால்களும் முக்கோணத்தின் பின்முனைகளில் நிற்கும், ஒன்று முன்முனைக்குப் போய்த் திரும்பும், பிறகு மற்றது போகும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தளர்ந்து இறங்கும், உடனே இடுப்பு முன்னால் நெகிழ்ந்து உயரும். மூன்று தாளத்தில் போகும் இந்த அசைவைப் பார்த்தால் நடனம் போல இருக்கும். டேக்வாண்டோவிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் முழங்கால் விறைத்துக்கொள்ளும், மிதி மிதியாக வெட்டி வெட்டிச் செய்வார்கள். தளர்வு வராமல் இதன் கணுக்கால் கொக்கிகளும் தள்ளுதைகளும் வராது, ஏனென்றால் எதிராளியை விழவைப்பதும் இங்கே வெற்றிதான், எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை எதிராளியிடமிருந்து மறைத்தாக வேண்டும்.

ஸிரும் மல்யுத்தத்தில் இடுப்பையும் வலது தொடையையும் சுற்றிக் கட்டிய சட்பா என்ற துணியை இருவரும் பிடித்துக்கொண்டு மணலில் தொடங்குவார்கள். முழங்காலோ அதற்கு மேலுள்ள எந்தப் பகுதியோ முதலில் மணலைத் தொட்டவர் தோற்றார். டேக்வாண்டோ மாணவர்கள் ஒரு சில மாதம் இதைப் பழகினால் எடை எங்கே இருக்கிறது என்பது உடம்புக்கே புரிந்துவிடும்.

இன்னொரு கொரியத் தற்காப்புக் கலையான ஹாப்கிடோவின் தொடக்கம் தேகு நகரம். ஜப்பானிலிருந்து திரும்பிய சொய் யொங் சுல், 1948இல் அங்கே ஒரு மதுவடிப்பாலையில் சோ பொக் சொப்புக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். இதில் முதல் பாடம் விழுவது, நக்பொப். நிற்கும் கால் தோற்ற பிறகு என்ன செய்வது என்பதையே முதலில் கற்றுக்கொள்கிறார்கள். மல்லாந்து படுத்த நிலையில் தொடங்க வேண்டும்: தாடை நெஞ்சை நோக்கி, பார்வை தொப்புளில். இரண்டு கைகளும் உடம்பிலிருந்து ஏறக்குறைய 30 முதல் 45 டிகிரி விலகி, உள்ளங்கையிலிருந்து முன்கை முழுவதும் ஒரே நேரத்தில் விரிப்பில் அறைய வேண்டும். கை தோள் உயரத்துக்குப் போனால் அதிர்ச்சி தோள் மூட்டுக்கும் காறை எலும்புக்கும் போகும். அறையும் நொடியில் மூச்சு வெளியே. இது ஐம்பது தடவை. பிறகு உட்கார்ந்து பின்னால், பிறகு குந்தி, கடைசியில் நின்று. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் கொடுங்கள். நின்று விழும்போது பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவார்கள். மணிக்கட்டு முறிவதற்கு அதைவிட நேர் வழி கிடையாது. அந்தப் பழக்கம் இருப்பவரை உடனே ஒரு படி கீழே இறக்கிக் குந்திய நிலைக்கே அனுப்ப வேண்டும்.

அடுத்து மணிக்கட்டு விடுவிப்பு. பிடித்த கையில் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் வாய். உங்கள் விரல்களை அகல விரித்தால் முன்கைத் தசை இறுகி மணிக்கட்டு கொஞ்சம் தடிக்கும், எதிராளியின் பிடி தளரும். பிறகு முழங்கையை எதிராளியின் முழங்கையை நோக்கி முன்னால் தள்ளி, கையின் மெல்லிய விளிம்பை அந்த வாய் வழியே வெளியே எடுக்க வேண்டும். புதியவர்கள் கையைத் தோளிலிருந்து பின்னால் இழுத்துப் பார்ப்பார்கள். பலசாலியிடம் அது நடக்காது. அரை அடி முன்னால் எடுத்து வைத்தால் அதே கை தானாக வெளியே வந்துவிடும்.

மாஸ்டர் என்ற சொல்லுக்கு எவ்வளவு காலம்? குக்கிவொன் விதிப்படி முதல் தானிலிருந்து இரண்டாவதுக்குக் குறைந்தது 1 வருடம், மூன்றாவதுக்கு 2, நான்காவதுக்கு 3. ஆக முதல் கறுப்பு பெல்ட்டுக்குப் பிறகு குறைந்தது ஆறு வருடம் ஆன பின்தான் நான்காம் தான், சபொம் தகுதிக்கான படிப்பில் சேரும் நிலை. 15 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 'தான்' தரம் கிடையாது, பூம் என்ற தனித் தரம். இந்த வருடங்களில் நல்ல டோஜாங்குகள் மாணவனை வெள்ளை பெல்ட் வகுப்பில் உதவிக்கு நிறுத்தும். மிட் பிடிக்கக் கற்பது அங்கேதான். சுழல் உதைக்கு மிட்டின் தட்டையான முகம் தரைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உதை படும் கணத்தில் பிடிப்பவர் இரண்டு விரற்கடை எதிர்த்துக் கொடுக்க வேண்டும். பின்னால் இழுத்தால் உதைப்பவரின் முழங்கால் வெற்றுக்காற்றில் பூட்டிக்கொள்ளும்.

முதல் வருடம் முடியும்போது மாணவனை உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் வட்டமாகக் காய்ப்பு இருந்தால் நிற்கும் கால் சரியாகத் திரும்புகிறது. சுண்டுவிரல் பக்க விளிம்பில் தோல் உரிந்திருந்தால் எடை வெளியே விழுகிறது, சாக்பீஸ் கோட்டுப் பயிற்சிக்குத் திரும்பட்டும். குதிகாலில் கொப்புளம் இருந்தால் குதிகாலைத் தூக்காமலே திரும்புகிறான். உதையை நிறுத்திவிட்டு, சுவரில் கை வைத்து, காகிதம் நுழையும் அந்த இடைவெளியிலிருந்து மறுபடி இருபது.